ஏழு டன் பாக்கி

மாதவரத்தைத் தாண்டிச் செங்குன்றம் போகும் வழியில் இருக்கும் ஒரு எடைமேடைக்கு நான் எழுதிக்கொடுத்த நிரல், நிறுவிய இரண்டாம் வாரத்தில் ஒரு விநோதமான சீட்டை அச்சிட்டது. வண்டியின் வெற்று எடை 9,870 கிலோ, பாரத்தோடு சேர்ந்த எடை 2,456 கிலோ, எனவே ஏற்றிய எம்-சாண்டின் எடை மைனஸ் 7,414 கிலோ. மேடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தொலைபேசியில் கோபப்படவில்லை. "தம்பி, இந்த லாரி நமக்கே ஏழு டன் பாக்கி வெச்சுட்டுப் போயிருக்கு" என்றார். வண்டி நகர்வதற்குள் மேடை மீதிருந்த இண்டிகேட்டரின் சிவப்பு எண்ணைப் பார்த்து, 24,560 என்று கையால் திருத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டிருந்தார். அவர் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று இரவு நான் நெடுநேரம் யோசித்தேன்.

நூற்றுக்கு நூறு சரியாக இயங்கிய நிரல் எப்படி ஒரு பூஜ்யத்தைத் தின்றது என்பதுதான் இந்தக் கட்டுரை. வலையமைப்பு இணைப்பின் வழியே கச்சாத் தரவைப் பெறும்போது, நிரல் நூலகம் நமக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதாக நாமே கற்பனை செய்துகொள்கிறோம் என்ற இரண்டுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தில் நான் விழுந்த கதை என்றும் சொல்லலாம்.

முதலில் அங்கிருந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு அடியில் உள்ள உணரிகளிலிருந்து வரும் எடையை இண்டிகேட்டர் பெட்டி எண்ணாகக் காட்டுகிறது. அதே எண்ணைப் பின்பக்கத்து சீரியல் வாய் வழியாக, யாரும் கேட்காமலே, விநாடிக்குப் பத்து முறை சொல்லிக்கொண்டும் இருக்கிறது. அந்த வாயிலிருந்து ஒரு கம்பி சிறிய கன்வெர்ட்டர் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டி சீரியலில் வருவதை டிசிபி என்ற வலையமைப்பு நெறிமுறையில் ஓடும் இணைப்பாக மாற்றி, அறைக்குள் இருக்கும் கணினிக்கு அனுப்புகிறது. என் நிரல் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அது அந்தப் பெட்டியோடு சாக்கெட் ஒன்றை, அதாவது இணைப்பின் இந்தப் பக்கத்து முனையை, திறந்து வைத்துக்கொண்டு, நூறு மில்லிவிநாடிக்கு ஒருமுறை 'ரிசீவ்' என்ற செயற்கூறை அழைக்கும். அடைப்புக்குறிக்குள் 1024 என்று கொடுத்திருந்தேன். வந்ததை எழுத்துச் சரமாக மாற்றி, அதில் முதலில் தென்படும் எண்ணை எடுத்துத் திரையில் காட்டும். அண்ணன் பொத்தானை அழுத்தினால் அந்த நேரத்தில் திரையில் உள்ள எண் சீட்டில் ஏறும்.

இண்டிகேட்டர் அனுப்பும் ஒவ்வொரு வரியும் 18 பைட் நீளம், எழுத்துக்கு ஒரு பைட். எடை நிலையாக நிற்கிறதா என்பதைச் சொல்லும் இரண்டு எழுத்துகள், ஒரு காற்புள்ளி, மொத்த எடை என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், மறுபடி காற்புள்ளி, கூட்டல் குறி, ஏழு இடம் கொண்ட எண், அலகுக்கு இரண்டு எழுத்துகள், கடைசியில் வரி முடிவைக் காட்டும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகள். 24,560 என்பது ஐந்திலக்க எண் என்பதால் அதற்கு முன்னால் இரண்டு வெற்றிடங்கள் வரும். இலக்கங்கள் பத்தாவது பைட்டில் தொடங்கிப் பதினான்காவதில் முடியும். என் நிரலுக்கு அந்த நேரத்தில் ரிசீவ் கொடுத்தது முதல் 13 பைட்டுகளை மட்டுமே. அதில் இருந்த எண் 2456. மீதி ஐந்து பைட்டுகள், அதாவது ஒரு பூஜ்யமும் அலகும் வரி முடிவும், அடுத்த அழைப்பில் வந்தன. அந்த இரண்டு அழைப்புகளுக்கும் இடையில் இருந்த பத்தில் ஒரு விநாடிக்குள் அண்ணனின் விரல் பொத்தானில் விழுந்திருக்கிறது.

பதினெட்டு பைட் வரியை இரண்டாக உடைப்பதற்குப் பதினேழு இடங்கள் உண்டு. எண்ணுக்கு முன்னால் உடைந்தால் முதல் துண்டில் எண்ணே இருக்காது, இரண்டாம் துண்டில் முழு எண்ணும் வந்துவிடும். எண்ணுக்குப் பின்னால் உடைந்தால் முதல் துண்டிலேயே சரியான எண் கிடைத்துவிடும். இலக்கங்களுக்கு நடுவே உள்ள நான்கு இடங்களில் உடைந்தால் மட்டுமே தவறு நேரும். அப்போதும் திரையில் அந்தத் தவறான எண் கண்ணுக்குப் பிடிபடாமல் வந்து போய்விடும். அலுவலகத்தில் பல நாள் சோதித்தும் இது என் கண்ணில் படாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இண்டிகேட்டருக்குப் பதிலாக நானே எழுதிய ஒரு சிமுலேட்டரை அதே மடிக்கணினியில் ஓடவிட்டிருந்தேன். அது முழு வரியையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு நூறு மில்லிவிநாடி ஓய்வெடுக்கும். ஒரே கணினிக்குள் சுற்றி வரும் இணைப்பில் அந்த வரி சிதையாமல் வந்து சேரும். களத்தில் இருந்த பெட்டியோ 9600 பாட், அதாவது விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒவ்வொரு பைட்டாகச் சீரியலில் வாங்குகிறது. அந்த வேகத்தில் ஒரு வரி வந்து முடியவே ஏறத்தாழ 19 மில்லிவிநாடி ஆகும். தன் கடிகாரம் அடிக்கும்போது கையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவையும் பொட்டலமாக்கி அனுப்புவது அதன் வழக்கம். வரி முடிந்ததா என்று பார்ப்பது அதன் வேலையில் சேராது.

1024 என்று நான் கொடுத்த எண்ணை 'இவ்வளவு கொடு' என்ற கட்டளையாக நினைத்திருந்தேன். உண்மையில் அது 'இதற்கு மேல் கொடுக்காதே' என்ற வரம்பு மட்டுமே. அந்த வரம்புக்குள், ஒரு பைட் இருந்தாலும் அதைக் கொடுத்துவிட்டு ரிசீவ் திரும்பிவிடும். பைத்தானின் இந்தச் செயற்கூறு, இயங்குதளத்தின் அழைப்பு மீது போர்த்திய மெல்லிய துணி. சொந்தமாக எதையும் சேர்ப்பதில்லை, கேட்ட அளவு சேரும்வரை காத்திருப்பதும் இல்லை.

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவிடம் இதைப் பற்றிய நல்ல பாடம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் காலையிலிருந்து தொடுக்கும் மல்லிகைச் சரம் ஒரே நீளமாகப் பந்தாகச் சுருண்டிருக்கும். அதில் முழத்துக்கு முழம் அடையாளம் எதுவும் கிடையாது. தொடுத்தவர் எங்கே கை ஓய்ந்து டீ குடித்தார், எங்கே மறுபடி தொடங்கினார் என்பது சரத்தில் தெரியாது. வரிசை மாறாது, நடுவில் ஒரு கண்ணியும் காணாமல் போகாது; ஆனால் இரண்டு முழம் என்பது வாங்குகிறவருக்காகக் கையால் அளந்து அறுக்கும்போதுதான் பிறக்கிறது. டிசிபி அப்படிப்பட்ட சரம். அனுப்புகிறவர் பத்து முறை அனுப்பியது இங்கே மூன்று அழைப்பில் வரலாம். ஒருமுறை அனுப்பியது ஏழு அழைப்பில் வரலாம். பைட்டுகள் எல்லாம் வரும், அனுப்பிய வரிசையிலேயே வரும் என்பது மட்டுமே அது தரும் உறுதி.

இது யாரோ கவனக்குறைவாக விட்ட குறை இல்லை, வேண்டுமென்றே செய்த தெரிவு. விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வளர்ந்து, 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக நிலைபெற்ற டிசிபி, தன்னைப் பைட்டுகளின் ஓட்டமாகவே வரையறுத்துக்கொண்டது. வழியில் உள்ள ஈதர்நெட்டில் ஒரு சட்டகத்துக்குள் 1500 பைட்டுதான் அடங்கும். அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போக 1460 பைட்டுதான் நம்முடைய தரவுக்கு மிஞ்சும். இழந்த பொட்டலத்தை மறுபடி அனுப்பும்போது, அடுத்ததோடு சேர்த்து வேறு அளவில் அனுப்பவும் அனுப்புநருக்கு உரிமை உண்டு. இவ்வளவு சுதந்திரம் இருந்தால்தான் மோசமான கம்பிகளிலும் அது தாக்குப்பிடிக்கும். பிறகு 1983இல் பெர்க்லியிலிருந்து வந்த 4.2 பிஎஸ்டி என்ற இயங்குதளம், சாக்கெட் என்ற இடைமுகத்தைக் கோப்பைப் படிப்பது போன்ற சாயலில் அமைத்துக் கொடுத்தது. இன்று நாம் எந்த மொழியில் எழுதினாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சாயல்தான். கோப்பைப் படிக்கும் பழக்கத்தில் கை வைத்தால், கேட்ட அளவு கிடைக்கும் என்று மனம் தானாகவே நம்பிவிடுகிறது. டிசிபிக்கு மாற்றாக உள்ள யூடிபி என்ற நெறிமுறை மட்டும் எல்லைகளைக் காப்பாற்றும்; ஒருமுறை அனுப்பியது ஒருமுறையில் வரும். ஆனால் அது வராமலே போகலாம், எடையைப் பொறுத்தவரை அது எனக்கு ஆகாது.

உடைந்த வரியைவிட அபாயமான இன்னொரு பிழை அதே நிரலில் இருந்தது. அது மைனஸ் காட்டிச் சிரிக்க வைக்காத பிழை. சீட்டு அச்சானதும் 'மறுபடி அச்சிடவா?' என்று ஒரு சிறிய சாளரம் கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் வரை என் நிரல் ரிசீவை அழைக்காது. அண்ணன் அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் ஓட்டுநரோடு மூன்று நிமிடம் பேசிவிட்டு வருவார். அந்த நேரம் முழுவதும் இண்டிகேட்டர் பேசிக்கொண்டேதான் இருக்கும். வரும் பைட்டுகளை இயங்குதளம் தன் பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், பத்திரமாகச் சேர்த்து வைக்கும். விநாடிக்கு 180 பைட் வீதம் மூன்று நிமிடத்துக்கு 32,400 பைட். சாளரத்தை மூடியதும் என் நிரல் ஒவ்வொரு அழைப்புக்கும் 1024 பைட் வீதம் அள்ளி, ஒவ்வொரு அள்ளலிலும் முதல் எண்ணை மட்டும் எடுத்துத் திரையில் காட்டும். ஆக, கிட்டத்தட்ட மூன்று விநாடிக்குத் திரையில் ஓடுவது மேடை மீது இப்போது நிற்கும் வண்டியின் எடையாக இருக்காது; போய்விட்ட வண்டியின் எடையாக இருக்கும். அவசரக்காரர் அந்த மூன்று விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால், முன் வண்டியின் எடை பின் வண்டியின் சீட்டில் ஏறும். எண் நம்பும்படியாகவே இருக்கும், யாரும் தொலைபேசியில் கூப்பிட மாட்டார்கள். இது நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் பதிவு இல்லை. நடந்திருக்கக்கூடும் என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

திருத்தம் பெரியதல்ல. ரிசீவ் கொடுப்பதை எழுத்தாக மாற்றாமல், பைட்டாகவே ஒரு பைக்குள் கொட்டிக்கொண்டே வர வேண்டும். பைக்குள் 10 என்ற பைட் தென்பட்டால், அதுவரை உள்ளதை ஒரு வரியாக அறுத்து எடுத்துக்கொண்டு, மீதியைப் பையிலேயே விட்டுவிட வேண்டும். ஒரே அள்ளலில் ஐம்பது வரி வந்தாலும் ஐம்பதையும் அறுத்துக் கடைசியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அரை வரி வந்தால் பொறுத்திருக்கலாம். அறுத்த வரி சரியாக 18 பைட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்பு கிடைத்ததும் வரும் முதல் வரியை எப்போதும் தூக்கி எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் நாம் காதைத் திறந்த நேரத்தில் இண்டிகேட்டர் வாக்கியத்தின் நடுவில் இருந்திருக்கலாம். இந்த வேலை முழுவதையும் நிரலுக்குள் இணையாகத் தனியே ஓடும் ஒரு த்ரெட்டுக்கு மாற்றியதால், எந்தச் சாளரம் திறந்து கிடந்தாலும் படிப்பது நிற்பதில்லை.

வரி முடிவு என்ற அடையாளம் இல்லாத தரவாக இருந்தால், ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை நான்கு பைட்டில் எழுதி அனுப்புவது வழக்கம். அப்போது பலரும் செய்யும் தவறு, உடலைக் கவனமாகச் சேகரித்துவிட்டு, அந்த நான்கு பைட்டும் ஒரே அழைப்பில் வந்துவிடும் என்று விட்டுவிடுவது. அந்த நான்கும் ஒன்றும் மூன்றுமாக வரக்கூடியவைதான். நீளத்துக்கு ஓர் உச்சவரம்பும் வைக்க வேண்டும். குப்பையாக வந்த நான்கு பைட்டை நம்பினால் நிரல் நானூறு கோடி பைட்டுக்கு மேல் காத்துக் கிடக்கும்.

எடையில் வந்த சிக்கலைத் தீர்த்த பிறகுதான் தமிழில் வந்த சிக்கல் வெளிப்பட்டது. அன்றாடச் சீட்டுகளின் பட்டியல், சரக்கின் பெயர்களோடு, இரவில் இன்னொரு அலுவலகத்துக்கு இதே மாதிரி ஓர் இணைப்பில் போகும். ஒருநாள் பட்டியலில் 'செங்கல்' என்பது 'செங்கல' என்று வந்திருந்தது. தட்டச்சுப் பிழை என்று அங்கிருந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். அடுத்த வாரம் வேறொரு சொல்லில் கொக்கி காணாமல் போனது.

யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். நம்முடைய ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளி, கொம்பு, துணைக்கால் என்று தனித்தனியே எண்ணப்படுபவை ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'செங்கல்' என்ற சொல்லில் நமக்குத் தெரிவது நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி, கம்பியில் 21 பைட். கடைசிப் புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட்டாகப் போகும். அங்கே நான் ரிசீவுக்குக் கொடுத்திருந்த வரம்பு 4096. அதை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. முழுக்கத் தமிழாக உள்ள ஓர் உரையை 4096 ஆக அறுத்தால் முதல் அறுப்பே ஒரு குறியின் முதல் பைட்டைப் பிரித்துவிடும். வலையமைப்பே அறுக்கும் 1460ஐ மூன்றால் வகுத்தாலும் மீதி இரண்டு. பூச்சரத்தைக் கண்ணிக்கு நடுவில் அறுத்தால் பூ உதிருமே, அதுபோலத்தான். அன்று அறுப்பு விழுந்தது 175க்கும் 141க்கும் நடுவில்.

இப்படி உடைந்த துண்டை எழுத்தாக மாற்றச் சொன்னால் பைத்தான் நேர்மையாகப் பிழை எறிந்து நின்றுவிடும். அந்தப் பிழை எனக்கும் வந்திருந்தது, மாதக்கணக்கு முன்பே. புரியாத பைட்டுகளைப் பொருட்படுத்தாதே என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதன் வாயை அடைத்தவன் நான்தான். முதல் துண்டின் கடைசி இரண்டு பைட்டையும், அடுத்த துண்டின் முதல் பைட்டையும் அது சொன்னபடி பொருட்படுத்தாமல் விட்டது, புள்ளி உதிர்ந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் ஒருவருக்கு இந்தப் பிழை ஆயுள் முழுவதும் தெரியவராது. நூலக ஆவணங்களில் உள்ள உதாரணங்கள் 'வணக்கம் உலகே' என்பதை ஆங்கிலத்தில் அனுப்புவதோடு நின்றுவிடுவதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதனால்தான்.

துண்டு துண்டாக வருவதைப் புரிந்துகொண்டு, அரைகுறை பைட்டை அடுத்த துண்டுக்காகப் பிடித்து வைத்திருக்கும் மாற்றிகள் பைத்தானிலேயே உண்டு. நான் அவற்றை நாடவில்லை. அவையும்கூட 'கு' என்பதில் 'க'வைக் கொடுத்துவிட்டு, உகரக் குறியை அடுத்த துண்டோடு கொடுக்கக்கூடும். குறிகள் முழுமையாக இருந்தாலும் எழுத்து உடைந்திருக்கும். எடைமேடையில் செய்ததையே இங்கும் செய்தேன்: பைட்டாகவே சேர்த்து, பைட்டாகவே வரியை அறுத்து, முழு வரி கையில் வந்த பிறகே தமிழாக மாற்றுவது. யூடிஎஃப்-8இல் ஒரு பைட்டுக்கு மேல் எடுக்கும் எந்தக் குறியிலும் எல்லாப் பைட்டுகளும் 128க்குக் குறையாமல் இருக்கும் என்பதால், 10 என்ற பைட் தமிழ் எழுத்துக்குள் ஒளிந்திருக்குமோ என்ற பயம் வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

இணைப்பு முடிவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறுமுனை ஒழுங்காக மூடிக்கொண்டால் ரிசீவ் பூஜ்ய நீளமுள்ள பைட்டுகளைக் கொடுக்கும். அதை 'இப்போதைக்கு ஒன்றும் இல்லை' என்று படித்தால், நிரல் முடிந்துபோன இணைப்பிடம் விநாடிக்கு லட்சம் முறை கேட்டுக்கொண்டே கணினியைச் சூடாக்கும். வடகிழக்குப் பருவமழையில் நடப்பது வேறு: மின்சாரம் போகிறது, யூபிஎஸ்ஸில் உள்ள கணினி ஓடுகிறது, யூபிஎஸ் இல்லாத கன்வெர்ட்டர் பெட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் அணைகிறது. மூடும் செய்தி எதுவும் வராததால் ரிசீவ் காத்துக்கொண்டே இருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் கீப்அலைவ் என்ற வசதியை நாமாக இயக்கினாலும், லினக்ஸ் இயல்பாக முதல் விசாரிப்புக்கு 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் காத்திருக்கும். விநாடிக்குப் பத்து முறை பேசும் இண்டிகேட்டர் மூன்று விநாடி பேசாவிட்டால் செத்துவிட்டது என்றே முடிவு செய்யலாம் என்று டைம்அவுட் வைத்து, திரையில் எண்ணை அழித்துக் கோடுகளைக் காட்டச் செய்தேன். பழைய எண் உறைந்து நிற்பதைவிட வெறும் கோடு எவ்வளவோ மேல்.

இவ்வளவையும் நூலகமே பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று என் அலுவலகத்தில் ஒரு தங்கை கேட்டாள். சில பார்த்துக்கொள்கின்றன. பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகத்தில் 'ரீட் எக்ஸாக்ட்லி' என்று ஒன்று உண்டு; கேட்ட அளவு முழுமையாக வரும்வரை காத்திருக்கும், வராமல் இணைப்பு முடிந்தால் பிழை எறியும். கோ மொழியில் 'ரீட் ஃபுல்', ஜாவாவில் 'ரீட் ஃபுல்லி' என்று அதே வேலைக்கு வெவ்வேறு பெயர்கள். கச்சாவாகத் தருவதும் தேவைதான், ஏனென்றால் செய்தியின் எல்லை எது என்பது இண்டிகேட்டருக்கு ஒன்று, பட்டியலுக்கு இன்னொன்று. அதை நூலகம் ஊகிக்க முடியாது. எனக்கு உள்ள குறை பெயரில்தான்: 'பெறு' என்று பெயர் வைத்ததற்குப் பதிலாக 'கிடைத்ததைக் கொடு' என்று வைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் பாதிப் பேர் பிழைத்திருப்போம்.

சிமுலேட்டரையும் திருத்தினேன். இப்போது அது ஒவ்வொரு வரியையும் பதினேழு இடங்களிலும் மாறி மாறி உடைத்து, துண்டுகளுக்கு இடையில் இடைவெளி விட்டு அனுப்புகிறது. சிலசமயம் ஒவ்வொரு பைட்டாக, சிலசமயம் ஐந்நூறு வரியை ஒரே கொத்தாக, சிலசமயம் பாதியில் ஊமையாகிவிடுகிறது. பழைய நிரலை அதன் முன்னால் ஓட்டியபோது முதல் நிமிடத்திலேயே 24, 245, 2,456 எல்லாம் வந்துவிட்டன.

புதிய நிரலைப் போட்டுவிட்டு அன்று மாலை வரை மேடை அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். முப்பதுக்கு மேல் வண்டிகள் ஏறி இறங்கின. இடையில் கன்வெர்ட்டரின் மின்கம்பியை நானே இரண்டு முறை பிடுங்கிப் பார்த்தேன், கோடுகள் வந்தன, மறுபடி செருகியதும் எண் திரும்பியது. அண்ணன் ஒவ்வொரு சீட்டுக்கும் பொத்தானை அழுத்துமுன் கண்ணை ஒருமுறை இண்டிகேட்டரின் சிவப்பு எண்ணுக்கும், பிறகு திரைக்கும் கொண்டுபோனார். இப்போதும் அப்படித்தான் செய்கிறார். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.